மாட்டுக்கொட்டகையில் ஒரு குடித்தனம்

அறுபதுகளின் நடுவில் செஞ்சியில் புதுப்புது ஆபீஸ்கள் வந்தன. வெளியூர்க் குமாஸ்தாக்கள் வீடு தேடி வரவும் எங்கள் தெருவில் வாடகை ஏறியது. கூலிக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டு சிங்கவரம் பக்கம் போயின.

என் கணவர் கடலை மில்லில் மூட்டை தூக்கினார். நான் ஏழு மாதக் கர்ப்பிணி. ஒரு குமாஸ்தா கூடுதல் வாடகை தருவதாக எங்கள் வீட்டைக் கேட்டுப் போனதும், நானாகவே சாமான்களைக் கட்டத் தொடங்கினேன். வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார்.

"இன்னா பண்ற? புள்ளத்தாச்சிய நான் தொரத்துவேனா? எல்லாத்தையும் பிரிச்சி வையி."

வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் கட்டியிருந்த தன் மாடுகளை வேப்பமரத்தடிக்கு மாற்றி, கொட்டகைக்குச் சுவர் எழுப்பி, அதைக் குமாஸ்தாவுக்கு விட்டார். எனக்கு வலி கண்டபோது சைக்கிளில் போய் மருத்துவச்சியை அழைத்து வந்தவர் அந்தக் குமாஸ்தாதான். ஜெபமாலை சொல்லும்போது இருவரையும் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.