பின்மதிலில் ஒரு வாசல்

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த அனெக்ஸுக்குச் சொந்தமாக வாசல் கிடையாது. பெரிய மாமாவின் வீட்டுக்குப் பின்னால், அவ்வீட்டின் நிழலிலேயே பகலைக் கழிக்கும் இரண்டு அறைகளும் சமைக்க ஒரு குசினியும்தான் அது. வீதிக்குப் போவதென்றால் மாமியின் குசினிக் கதவைக் கடந்து, அவர்களுடைய காரை உரசாமல் ஒதுங்கி நடந்து, அவர்களுடைய முன்கேற்றைத் திறக்க வேண்டும். காலையில் மூன்று பேர் போவோம், மாலையில் மூன்று பேர் வருவோம். ஒவ்வொரு தடவையும் மாமி எதையாவது கழுவிக்கொண்டிருப்பார். மழை நாட்களில் அவர் கழுவியது எங்கள் காலடித் தடங்களை.

மாமா அம்மாவின் மூத்த சகோதரர். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் சீதனத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த காணியை விற்றுத்தான் கொழும்பில் இந்த வீடு வாங்கப்பட்டது என்பதும், அதற்கு ஈடாகப் பின்வீடு தங்கைக்கு என்று அம்மாவின் கல்யாணப் பந்தலிலேயே மாமா அறிவித்திருந்தார் என்பதும் எனக்குப் பிற்காலத்தில் தெரியவந்தவை. சொன்ன வார்த்தை சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டது. உறுதிப் பத்திரம் எழுதப்படவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. பெண் எடுத்த வீட்டில் சீதனத்தை வாய்விட்டுக் கேட்பது தன் மரியாதைக்குக் குறைவு என்று நினைத்த மனிதர் அவர். கேட்பதற்குப் பதிலாக அவர் கட்டத் தொடங்கினார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் அறைகளுக்கும் பின்மதிலுக்கும் இடையில் உடைந்த கழிப்பறைப் பீங்கானும் பழைய ஓடுகளும் குவிந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. மதிலுக்கு அப்பால், வீதிக்குப் போகும் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. ஒரு மாலை, மாமா வீட்டு விறாந்தையின் ஓரத்தில் நின்றபடியே அப்பா விடயத்தைச் சொன்னார்.

“பின்மதிலை உடைச்சு ஒரு சின்னக் கேற் போட்டால் உங்களுக்கும் கரைச்சல் இல்லை, அண்ணை.”

“போடுமன்,” என்றார் மாமா. “ஆனால் ஒரு மேசனைப் பிடியும் மச்சான். நீர் கந்தோரிலை பைல் அடுக்கிற மாதிரிக் கல்லடுக்கினால், மதில் இவளின்ர தலையிலைதான் விழும்.”

“விழுந்தாலாவது ரெண்டு நாள் படுத்திருப்பன்,” என்றார் உள்ளேயிருந்து மாமி.

அப்பா மேசனைப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள்தோறும் பழைய காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுத் தானே இறங்கினார். முதலில் குப்பையை அள்ளினோம். பிறகு அவர் மதிலில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்து, கல் கல்லாகத் தட்டிக் கழற்றினார். உடையாத கற்களைத் துடைத்துத் தனியாக அடுக்கி வைத்தது என் வேலை. வாசலுக்கும் எங்கள் கதவுக்கும் இடையில் சீமெந்துப் பலகைகள் பதித்த ஒரு பாதை அமைப்பதென்று முடிவாயிற்று. பலகைகளை வார்ப்பதற்குப் பழைய அலுமாரியின் தட்டுகளைக் கொண்டு அவரே அச்சும் செய்தார்.

முதற்பலகைகளுக்கு மணல் எடுக்க, ஒழுங்கையின் முடிவில் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனோம். காலடியிலேயே மணல் கிடக்க, கடையில் எதற்கு வாங்குவது என்பது அப்பாவின் கணிப்பு. இரண்டு வாரத்தில் அந்தப் பலகைகள் வெள்ளையாகப் பூத்தன. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன், கரித்தது. அடுத்த மாதம் ஓரங்கள் உதிரத் தொடங்கின. தேநீர்க் கோப்பையோடு வேடிக்கை பார்க்க வந்த மாமா அதிகநேரம் சிரித்தார்.

“புட்டுக்குக் குழைக்கிற மாதிரி உப்புப் போட்டுக் குழைச்சனீரோ மச்சான்?”

அப்பாவும் சிரித்தார். மாமா போன பிறகு, எல்லாவற்றையும் சம்மட்டியால் உடைத்தார். ஆற்றுமணல் வந்தது. இம்முறை அவர் எதையும் ஊகத்துக்கு விடவில்லை. பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என்னிடம் தந்து, மறுமுனையைத் தான் பிடித்து, இரு முனைகளிலும் நீர்மட்டம் ஒன்றாகும்வரை அசையாமல் நிற்கச் சொன்னார். மழைநீர் எங்கள் பக்கமும் வராமல், மாமாவின் பக்கமும் போகாமல், ஒழுங்கையோரக் கழிவுநீர்க் கானுக்கு ஓட வேண்டும் என்பதில் அவர் காட்டிய கவனத்தை இன்று நினைக்கும்போது எனக்கு வலிக்கிறது. பழைய இரும்புக் கடையில் சிங்களத்தில் பேரம் பேசி வாங்கிய கேற்றைச் சுரண்டி, துருவுக்கு எதிரான செந்நிறப் பூச்சு அடித்து, பிணைச்சல்களுக்கு எண்ணெய் விட்டார். அது சத்தமின்றித் திறந்த முதல் நாளில் அம்மா வாசலில் நின்று ஒழுங்கையை இரு பக்கமும் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தேநீர் போட்டார்.

தபாற்பெட்டி என்னுடைய யோசனை. கேற் இருந்தால் தபாற்பெட்டியும் இருக்க வேண்டும், தபாற்பெட்டி இருந்தால் பெயரும் இருக்க வேண்டும் என்று நான் வாதிட்டேன். அப்பா ஒரு பிஸ்கற் தகரத்தில் நீளத் துவாரம் வெட்டித் தந்தார். பெயர் விடயத்தில் மட்டும் தயங்கினார்.

“பேர் என்னத்துக்குப் பிள்ளை? தபால்காரருக்கு எங்களைத் தெரியும்தானே.”

நான் விடவில்லை. மூன்று நாள் கெஞ்சி, நான்காம் நாள் அவருடைய பெயரை முதலெழுத்துகளோடு வெள்ளைப் பூச்சில் நானே எழுதினேன். எழுத்துகள் சாயாதிருக்கப் பென்சிலால் இரட்டைக் கோடு போட்டுக்கொண்டேன். பெட்டியைக் கேற்றின் அருகே மதிலில் திருகாணியால் பூட்டியபோது அப்பா இரண்டடி பின்வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் நான் கண்டது பெருமிதம் என்றே நினைக்கிறேன். வேறொன்றும் அதில் கலந்திருந்ததா என்பதை என் ஞாபகம் உறுதிப்படுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு மாமா வந்தார். பெயரைச் சத்தமாக, எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“ஆர் எழுதினது?”

“நான்தான் மாமா.”

“கெட்டிக்காரி,” என்று என் தலையைத் தடவினார். கோப்பையில் பாதித் தேநீர் இருக்கும்போதே திரும்பிப் போய்விட்டார்.

அன்று மாலை மாமா வீட்டுக்கு அப்பாவை அழைத்தார்கள். திரும்பி வந்த அப்பா, திருகாணி கழற்றும் திருப்புளியை எடுத்துக்கொண்டு நேரே மதிலுக்குப் போய்த் தபாற்பெட்டியைக் கழற்றினார். ஏன் என்று கேட்டேன்.

“மழை பட்டால் ஊறிப்போடும், பிள்ளை.”

“அது தகரம் அப்பா!”

அவர் ஆணித் துளைகளைச் சாந்தால் அடைத்தார். நான்கு நாட்கள் அவரோடு கதைக்கவில்லை. சித்திரக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ‘பயந்தாங்கொள்ளி’ என்று எழுதி, அவர் பார்க்கும்படி திறந்தும் வைத்தேன். பார்த்தாரா என்று தெரியாது.

இரண்டு வாரம் கழித்து மாமாவோடு நில அளவையாளர் ஒருவர் வந்தார். வயதான சிங்களவர், மிகப் பொறுமையானவர். அளவுநாடாவின் ஒரு முனையை என்னிடம் தந்தார். தண்ணீர்க் குழாய் பிடித்துப் பழகிய எனக்கு அசையாமல் நிற்கத் தெரிந்திருந்தது. பாதையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, இதைச் செய்தது எந்த மேசன் என்று அவர் சிங்களத்தில் கேட்டார். என் அப்பா என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். பிறகு மாமாவிடம் திரும்பி, இப்படித் தனி வழி இருப்பதால் பின்பக்கத்தை வேறு துண்டாகப் பிரித்து உறுதி எழுதலாம், முன்பு என்றால் முடிந்திராது என்றார்.

நான் அம்மாவிடம் ஓடினேன். அவர் தேங்காய்ப் பால் பிழிந்துகொண்டிருந்தார்.

“அம்மா, அப்பாவின்ர பாதையாலைதான் பின்வீடு தனி வீடாகப் போகுதாம்! உறுதி எழுதலாமாம்!”

அம்மாவின் கை நின்றது.

“ஆருக்கு?”

அந்தக் கேள்வி எனக்கு அசட்டுத்தனமாகப் பட்டது. வேறு யாருக்கு?

பதிலை ஒரு மாதத்தில் மாமியே கொண்டுவந்தார், எங்கள் புதுக் கேற்றைத் திறந்துகொண்டு. மாமாவின் மகளுக்கு, என் மச்சாளுக்கு, லண்டன் மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. “மாப்பிள்ளை வீட்டுக்காரர் கொழும்பிலை வீடு சீதனமாக் கேக்கினம். தனிவாசல் இருக்கிறது நல்லதாப் போச்சு,” என்றார் மாமி. நாங்கள் அவசரப்பட வேண்டாம், இரண்டு மாதத்துக்குள் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னார். அம்மா அவருக்குத் தேநீர் கொடுத்தார். அப்பா தெஹிவளையில் நான்காம் மாடியில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தார். அங்கே கட்டுவதற்கோ திருத்துவதற்கோ ஒரு முழ நிலமும் இல்லை.

மாமாவின் மனத்தில் அந்த எண்ணம் முன்னரே இருந்ததா, அல்லது மதிலில் இன்னொருவர் பெயரைக் கண்டதும் பிறந்ததா என்பதை அறிய இனி வழியில்லை. கேற்றைக் கண்டு அவர் கலங்கியதில்லை, பாதையைக் கண்டும் கலங்கியதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நாங்கள் வெளியேறுவதற்கு முந்திய வாரம் மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. கேற்றடிப் பலகையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. மாமா பின்பக்கம் வந்து அதைச் சுட்டிக்காட்டினார்.

“மச்சான், இதை ஒருக்காப் பூசிவிடுமன். உம்மட கைவேலைதானே.”

அப்பா பூசினார். ஏன் பூசினார் என்று அவரிடம் நான் இன்றுவரை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது எங்கள் வீட்டில் எனக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அன்று எனக்கு அப்படியான கேள்விகளும் இல்லை. நெடுநாளைக்குப் பிறகு அப்பா மடித்த காற்சட்டையோடு குந்தியிருப்பதைக் கண்ட மகிழ்ச்சியில், குழாயடியிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்து வந்தேன். “அப்பா, இந்த முறை இன்னும் கொஞ்சம் சீமெந்து கூடப் போடுவம், பிறகு எந்தக் காலத்திலையும் வெடிக்காது,” என்றேன்.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்தார். என்னை ஒருநாளும் தொட்டு அடித்திராத அம்மா, என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். வாளி சரிந்தது. தண்ணீர், அப்பா வகுத்த சாய்வின் வழியே, ஒரு சொட்டும் தேங்காமல் ஒழுங்கைக் கானுக்கு ஓடியது. அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த அடி எனக்கு உரியதல்ல என்பது விளங்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அதில் ஒரு சிறு பங்கு எனக்கும் உரியதுதான் என்பது விளங்க இன்னும் சில வருடங்கள் பிடித்தன. அன்று இரண்டும் தெரியாது. நான் விம்மி விம்மி அழுததெல்லாம், தண்ணீர் போதாமல் அப்பாவின் சீமெந்து இறுகிவிடப் போகிறதே என்றுதான்.