பால் சைக்கிளுக்கு மோட்டர் பூட்டியவன்

சாதாரண சைக்கிளுக்கு மோட்டர் பூட்டுவது ஒரு பிற்பகல் வேலை. பூட்டியதை ஓடவைப்பது ஒரு மாத வேலை.

வீட்டுப் பின்பக்கம் ஸ்பேனரோடு குந்தியிருந்து, எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு தரையில் மிச்சமிருக்கும் இரண்டு நட்டுகளை வெறித்துப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

முப்பது வருடம் மாத்தளை மாவட்டச் செய்திகளை ஒரு நாளிதழுக்கு அனுப்பியவன் நான். மண்சரிவு, மிளகு விலை, பஸ் விபத்து, பாடசாலை விளையாட்டுப் போட்டி. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, வீட்டில் கிடந்த பழைய சைக்கிளுக்கு மின்மோட்டர் ஒன்றை வாங்கிப் பூட்டினேன். வரிசை ஒழிந்தது, பூட்டும் பழக்கம் ஒழியவில்லை. வீடு பல்லேபொலைக்குப் போகும் பாதையோரம் இருப்பதால், போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்கள் பிறகு தங்கள் சைக்கிளோடு வந்தார்கள்.

ஒரு வாஷர்

மோட்டர் இருப்பது சக்கரத்தின் நடுக் குடத்துக்குள். அது சக்கரத்தை ஒரு பக்கம் சுற்றும்போது அச்சு மறுபக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் திரும்பவிடாமல் பிடிப்பதற்குப் பல் வைத்த வாஷர் ஒன்று தருகிறார்கள். சின்னச் சாமான். பெட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தது, நான் பார்க்கவில்லை. மூன்றாம் நாள், நிஸ்தார் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்கு நேரெதிரே அச்சு திரும்பியது, வயரை முறுக்கிப் பிய்த்தது, முன்சக்கரம் நின்றது. நான் நிற்கவில்லை.

நானாதான் ஓடி வந்து தூக்கினார். முழங்கைக்கு மருந்து போட்டார். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, வாஷரையும் கண்டெடுத்துக் கொடுத்தார். பிறகு கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பேப்பருக்கு எழுதுன காலத்துலயும் நீங்க இப்பிடித்தானே? மொதல்ல போட்டுடுவீங்க, திருத்தம் நாளைக்கு வரும்.”

எட்டரை மணி

மாத ஆரம்பத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரமேஸ்வரி பழைய ஆண்கள் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே, கொக்கோவும் மிளகும் உள்ள தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் குடியிருப்பவர். கணவருக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. பரமேஸ்வரி, மாடு வளர்க்கும் பதினொரு வீடுகளில் காலையில் பால் சேர்த்து, பெரிய ரோட்டில் இருக்கும் பால் சென்டருக்குக் கொண்டுபோகிறார். சைக்கிளின் இரு பக்கமும் கேன். மொத்தம் நாற்பது லீற்றர். கீழ் லயத்திலிருந்து மேல் லயத்துக்கு ஒரு மேடு. எல்லாம் அந்த மேட்டில்தான் இருக்கிறது.

மழையில் லயத்துப் படியில் வழுக்கி முழங்கால் பிசகியதிலிருந்து அந்த மேடு அவருக்கு நீண்டுவிட்டது. எட்டரைக்குப் பால் லொறி புறப்பட்டுவிடும். முந்தின மாதம் மூன்று முறை பிந்தினார். மூன்று முறையும் பால் திரும்பி வந்தது. சென்டருக்குப் பொறுப்பான பண்டார மாத்தயா, ‘மாத்தயா’ என்றால் சிங்களத்தில் ஐயா, நல்ல மனிதர். லொறிக்காரருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக்கூட நிறுத்திப் பார்த்திருக்கிறார். ஆனாலும் எத்தனை நாளைக்கு? இந்த மாதக் கடைசி வாரம் ஒரு நாள்கூடப் பிந்தாமல் வர வேண்டும், இல்லாவிட்டால் பால் சேர்க்கும் வேலையை ஒரு த்ரீவீலர்காரருக்குக் கொடுப்பதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டார். த்ரீவீலர் மேல் லயம் வரைதான் வரும். கீழ் லயத்து ஐந்து வீடுகளுக்கு ரோடு இல்லை. பரமேஸ்வரியின் பிழைப்போடு அந்த ஐந்து வீட்டுப் பாலும் போய்விடும். அதனால்தான் பதினொரு வீட்டாரும் கூடிப் பேசி, மோட்டர் சக்கரத்தைத் தாங்களே சேர்ந்து வாங்குவது என்று முடிவு செய்திருந்தார்கள்.

என்ன வேகம் போகும், ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கை காட்டி நிறுத்தினார். “வேகமெல்லாம் வேணாம் பேப்பர்கார அண்ணே. பால் திரியிறதுக்கு முன்ன போய்ச் சேந்தா போதும்.”

யானைக்குத் தெரியாத சைக்கிள்

அவருடைய சக்கரம் கொழும்பிலிருந்து வரப் பத்து நாளாகியது. அதற்கிடையில் சீகிரியாவிலிருந்து சுனில் வந்தார். அங்கே ஹோட்டல் ஒன்றில் வேலை செய்பவர். அவர் சைக்கிளுக்குப் போன மாதம்தான் மோட்டர் பூட்டிக் கொடுத்திருந்தேன். என்ன குறை என்று கேட்டேன். சத்தமே இல்லை, அதுதான் குறை என்றார். வேலை முடிந்து அந்தி நேரத்தில் வரும் பாதையில் யானை குறுக்கே நிற்குமாம். முன்பு சைக்கிள் போடும் கிறீச்சலைத் தூரத்திலேயே கேட்டு அது ஒதுங்கிப் போகும். இப்போது இவர் வருவது அதற்குத் தெரியவில்லை. முந்தின நாள் வளைவு ஒன்றில் இருவரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டிருக்கிறார்கள்.

செயினுக்கு நான் தாராளமாக எண்ணெய் போட்டதுதான் காரணம். சக்கரக் கம்பிகளில் உரசும்படி ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கட்டிவிட்டேன். தடதடவென்று நல்ல சத்தம். சுனில் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “இப்ப சரி. நான் வாறது யானைக்குத் தெரியும். யானை வாறது எனக்குத் தெரிய ஒண்ணு பூட்ட ஏலுமா?”

ஓட்டிக் காட்டினேன்

பரமேஸ்வரியின் சக்கரம் வந்தபோது மாதம் முடிய இரண்டு வாரம் இருந்தது. இந்த மோட்டரை எழுப்ப இரண்டு வழி உண்டு. கைப்பிடியில் ஒரு விசை வைக்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும். அல்லது பெடலுக்குப் பக்கத்தில் ஒரு சென்சர் வைக்கலாம். மிதித்தால் மோட்டர் தானாகச் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது முறை பற்றரிக்கு நல்லது, பழகாதவர்களுக்குப் பாதுகாப்பு. விசையைப் பெட்டியிலேயே போட்டுவிட்டுச் சென்சரைப் பூட்டினேன். யோசித்துச் செய்த காரியம் என்ற பெருமை வேறு.

இரண்டு கேனிலும் தண்ணீர் நிரப்பி, எங்கள் பாதையில் மேலும் கீழும் ஓட்டிக் காட்டினேன். பரமேஸ்வரி வாயில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றேன். வேண்டாம், நீங்கள் ஓட்டியதே போதும் என்றார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். புதுச் சாமானுக்குக் கொடுக்கும் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் நின்று பார்த்த என் மனைவி மட்டும் கேட்டாள்: “அவ்வளவு வேலை செஞ்சும் ஏங்க அந்தப் புள்ள தள்ளிக்கிட்டே போகுது?”

கீழ் லயத்து மேடு

மறுநாள் ஒன்பது மணிக்கு போன் வந்தது. மோட்டர் அசையவே இல்லை, பால் திரும்பிவிட்டது என்றார் பரமேஸ்வரி. குரலில் கோபமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஏதோ வயர் கழன்றிருக்கும் என்று அடுத்த நாள் காலை சாமான் பையோடு கீழ் லயத்துக்குப் போனேன்.

கேன்களை ஏற்றினார்கள். பரமேஸ்வரி சைக்கிளின் இடப்பக்கம் நின்று, இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, வலது கையைக் கரியரில் ஊன்றி, உடம்பை வளைத்துத் தள்ளத் தொடங்கினார். “ஏறி மிதிங்க” என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. அது கணவருடைய சைக்கிள். ஐந்து வருடமாக அதில் பால் கொண்டுபோகிறார். ஒரு நாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. அவர் மட்டுமல்ல, அந்த மேட்டில் சுமையோடு ஆண்களும் ஓட்டுவதில்லை, தள்ளுவார்கள். சைக்கிள் அங்கே இரண்டு சக்கரமுள்ள ஒரு வண்டி, அவ்வளவுதான். தள்ளும்போது பெடல் சுற்றாது. பெடல் சுற்றாவிட்டால் என் மோட்டர் விழிக்காது. நான் செய்ததெல்லாம் அவருடைய சுமையில் ஏழு கிலோவைக் கூட்டியதுதான். முப்பது வருடம் கண்டவரையெல்லாம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன், இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அன்று நானும் பின்னால் நின்று தள்ளினேன். பால் ஒருவாறு நேரத்துக்குப் போனது. திரும்பி வரும்போது கீழ் லயத்து லெட்சுமி, இரண்டு மாட்டுக்காரி, தன் வீட்டு வாசலிலிருந்து கேட்டார்: “மேட்டுல ஏறி மிதிக்க முடியும்னா நாங்க ஏங்க மோட்டர் வாங்குறோம்?”

நாலு லீற்றர்

பெட்டியில் போட்ட விசையைத் தேடி எடுத்தேன். வழக்கப்படி வலது கைப்பிடியில் பூட்டினேன். பூட்டிய பிறகுதான் அவர் நிற்பது இடப்பக்கம், வலது கை இருப்பது பின்னால் என்பது ஞாபகம் வந்தது. கழற்றி இடது பக்கம் பூட்டினேன். ஒரு நாள் அதிலேயே போனது.

வியாழக்கிழமை மேட்டின் அடியில் பரமேஸ்வரி விசையை அழுத்தினார். ஆள் ஏறி உட்கார்ந்திருப்பதாக நினைத்தே மோட்டர் செய்யப்பட்டிருக்கிறது. அது பாய்ந்தது. சைக்கிளை விட்டால் பால் போய்விடும் என்று அவர் விடாமல் பிடித்துக்கொண்டார். ஏழெட்டு அடி இழுபட்டு ஓடினார். வடிகான் ஓரத்தில் சைக்கிள் சரிந்து ஒரு கேனின் மூடி திறந்தது. நாலு லீற்றர் பால் வெள்ளையாகக் கானில் ஓடியது. பரமேஸ்வரியின் உள்ளங்கை உரிந்திருந்தது. அந்தக் கையைப் பார்க்க எனக்கு முகமில்லை. லெட்சுமிதான் வந்து அந்தக் கையைக் கழுவித் துணி சுற்றினார். சுற்றிக்கொண்டே என்னிடம் சொன்னார்: “ஆள இழுத்துக்கிட்டு ஓடுறதுக்கு எங்க வீட்டுல ஒரு மாடு இருக்குங்க. அது பாலாவது குடுக்கும்.”

தோசைக்கல் சூடு

மோட்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் வெள்ளை வயர் ஒன்று உண்டு. அதன் இரு நுனிகளையும் இணைத்தால் மோட்டர் பாதி வேகத்துக்கு மேல் போகாது. என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் முதல் வேலையாக அதை வெட்டிவிடச் சொல்வார்கள். இணைக்கச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. பழக்கத்தில் இதிலும் நான் வெட்டியிருந்ததை அன்று இணைத்தேன். பாதி வேகமும் நடக்கிறவருக்கு அதிகம்தான். விசை முழுவதும் அழுந்தாதபடி அதன் அடியில் பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய துண்டு ஒன்றை ஒட்டினேன். என் மனைவியை இடப்பக்கம் நடக்கவிட்டு, செருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிப்பாக்கிப் பார்த்தோம். நாலாவது துண்டில் சைக்கிள் மனிதர் நடக்கும் வேகத்துக்கு வந்தது.

சனிக்கிழமை மேட்டில் பரமேஸ்வரி தள்ளவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தார். சைக்கிள் தானாக ஏறியது. லயத்து ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். எனக்கு மட்டும் வேறு பயம். அவ்வளவு மெதுவாக அவ்வளவு பாரத்தை இழுத்தால் மோட்டர் சூடாகும். பாதி மேட்டில் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல். ஐந்து நிமிடம் ஆறவிடாமல் போனால் எரிந்துவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். பரமேஸ்வரி அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார். “நானும் இந்த எடத்துலதாண்ணே மூச்சு வாங்குவேன். அதுவும் வாங்கட்டும்.”

மாதக் கடைசி

அந்தக் கடைசி வாரத்தில் ஆறு நாளும் அவர் பிந்தவில்லை. ஏழாம் நாள் விடியும்போதே அடைமழை. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் பால் சென்டருக்குப் போனேன். அந்தத் த்ரீவீலர்காரர் எனக்கு முன்பே வந்து நின்றார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவருக்கும் வீடு இருக்கிறது. எட்டே கால். எட்டு இருபது. பண்டார மாத்தயா மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். லொறிக்காரர் எஞ்சினை முடுக்கினார்.

எட்டு இருபத்தைந்துக்கு வளைவில் சைக்கிள் தெரிந்தது. மழைக்கோட்டைப் பற்றரிக்குப் போர்த்திவிட்டு, தலையில் ஒரு யூரியாச் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு பரமேஸ்வரி பக்கத்தில் நடந்து வந்தார். பண்டார மாத்தயா கேனைத் திறந்தார், பாலைச் சோதித்தார், ஊற்றினார், மற்றக் கேனையும் ஊற்றினார். பிறகு த்ரீவீலர்காரரின் தோளில் கை வைத்து, சிங்கள முறையில் தம்பி என்று கூப்பிட்டுச் சொன்னார்: “பால் வந்துருச்சு மல்லி. நீ தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

அடுத்த வாரம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பெண்கள் ஆளுக்கொரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இந்த முறை மற்ற எதற்கும் முன்பாக, ஏறி ஓட்டுவீர்களா என்று கேட்டேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர் சொன்னார்: “நாங்க ஏறிக்கிட்டா மொளகுச் சாக்க எங்கங்க வைக்கிறது?”

மின்சாரச் சைக்கிள் செய்கிறவன் என்று இந்தப் பக்கத்தில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயரை வாங்கித் தந்த சைக்கிளில், மோட்டர் பூட்டிய பிறகு, என்னைத் தவிர இதுவரை ஒருவரும் ஏறி உட்கார்ந்ததில்லை.