சுகுணா அக்காவுக்கு என்ன நோய்?

சுகுணா அக்கா இறந்த செய்தி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. வரிசையாகக் கும்பிடும் கைகள். அதற்கடியில் "என்னாவாம்?" "எதுனாலவாம்?" ஐந்தாவது நிமிடம் எங்கள் வீட்டோடு இருக்கும் என் பாவா, அதாவது உடன்பிறந்தவளின் கணவர், எங்கிருந்து பிடித்தாரோ, சுகுணா அக்காவின் ஆஸ்பத்திரித் தாளைப் படமெடுத்துப் போட்டார். குழுவுக்கு அட்மின் நான். படத்தை அழித்தேன். பாவாவையும் நீக்கினேன். வீட்டிலிருந்து நீக்கத்தான் வசதி இல்லை.

திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கிளினிக்கில் கம்ப்யூட்டர் பார்த்தவர் அக்கா. எங்கள் முதல் அறிமுகம் கௌரவமானதல்ல. பத்தாம் வகுப்பில் தோழி ஒருத்தி காய்ச்சல் என்று லீவு போட்டாள். நிஜமா நடிப்பா என்று வகுப்பில் பந்தயம். அவள் அம்மா குரலில் கிளினிக்குக்கு போன் செய்து, ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டேன்.

"பொண்ணு பொறந்த தேதி சொல்லுங்கம்மா."

சொன்னேன்.

"ஆங். இப்ப உங்க பொறந்த தேதி?"

விரல்விட்டு வருடத்தைக் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

"போனை வச்சிட்டுப் போய் படி பாப்பா. அம்மா ஆவறதுக்கு இன்னும் நாளிருக்குது."

போன வருடம் என் அம்மாவையே அங்கே அழைத்துப் போனேன். பொதட்டூர்பேட்டையில் அம்மா தறி ஓட்டும் கொட்டகையில் எல்லோருக்கும் ஒரே போன் நம்பர், முதலாளியுடையது. தங்கள் போனில் பாதி நாள் ரீசார்ஜ் இருக்காது என்பதால், எங்கே கேட்டாலும் அதையே சொல்லிப் பழக்கம். அன்றும் அம்மா அதையே சொல்லியிருந்தார். பரிசோதனை முடிவைச் சென்னை ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டரில் அனுப்ப ஓ.டி.பி. வேண்டும். அது முதலாளி போனுக்குப் போய்விட்டது. நோய் அவர் காதுக்குப் போனால் தறி வேறு கைக்குப் போகும்.

"அவருக்கு போன் போட்டு அந்த ஓ.டி.பி.யை வாங்கும்மா. லைன்ல எவ்ளோ பேர் நிக்கறாங்க பாரு," என்றார் கிளினிக் மேனேஜர்.

"நிக்கட்டும் சார். அனுப்பலாமான்னு சொல்ல வேண்டியது இந்தம்மா. அவர் யாரு நடுவுல?" என்றார் அக்கா.

அக்கா ஆதாரில் ஆளைச் சரிபார்த்து அம்மாவின் சொந்த நம்பரை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே முதலாளி கிளினிக் போனுக்குக் கூப்பிட்டுவிட்டார். அவர் கத்தியது எங்களுக்கும் கேட்டது.

"எம் நம்பருக்கு மெசேஜ் வந்துகினு இருக்குது. அந்தப் பொம்பளைக்கு என்னா?"

"நம்பர் உங்களுதுங்க. உடம்பு அவங்களுது."

அக்கா போனை வைத்துவிட்டார். அம்மா இன்றும் அதே தறியில்தான் இருக்கிறார். நோயின் பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். "வேணாம்" என்றார். எழுதவில்லை.

நேற்று சாப்பிடும்போது பாவா முறைத்தார். "ஊருக்கே தெரிஞ்சதத்தான போட்டேன்?"

"அப்ப ஊரு ஏன் என்னைக் கேக்குது பாவா?"

அக்காவைத் தெரிந்தவர்களே, அழிப்பதற்கு முன் அந்தத் தாளை நான் படித்துவிட்டேன். ஆகவே தெருவே என்னை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறது. மூடச் சொல்லி மூன்று டீச்சர்கள் தோற்றுப்போன வாய் இது. இப்போது மூடியிருக்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது முதலாளிக்கு அவர் சொன்ன அந்த ஒரு பதில்தான். அவரை எரித்துவிட்டு வந்துவிட்டீர்கள். இருந்தாலும் உடம்பு அவங்களுது. கேட்டுக்கொண்டே இருங்கள், சொல்ல மாட்டேன்.