பேராதனை முக்கோணத்தில் எழுந்த புகை

தாசன் இறந்த செய்தி, பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கும்போது எனக்கு வந்தது. மெல்லிய செப்புக் கம்பி இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். கடைக்காரர் உள்ளே தேடப் போன நேரத்தில் தொலைபேசி அடித்தது. தாசனின் மகள் ஷாமினி. "அங்கிள், அப்பா காலையில போயிட்டாரு. தூக்கத்துலயே" என்றாள். "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னேன். கம்பியை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

மேசைமேல் ஓடும் மாதிரி ரயில்கள் செய்யும் நம் சின்ன ரயில் கூட்டத்தின் பழைய ஆட்களுக்கு மரியதாசனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டியில் ஒரு பல் வைத்தியரிடம் முப்பது வருடத்துக்கு மேல் செயற்கைப் பல் செய்தவர். அம்பிட்டியவில் வீடு. முன்னறைக்குப் போனால் உட்காரக் கதிரை இருக்காது; கடுகண்ணாவை மலை இருக்கும். உண்மையில் எண்பத்தேழு அடி உள்ளது எங்கள் மேசையில் ஓர் அடி. அந்தக் கணக்கில் அவர் மலை கட்டினார், பாலம் கட்டினார், ரயில் பெட்டி கட்டினார். பல் அச்செடுக்கும் பிளாஸ்டர்தான் அவருடைய பாறை. பெட்டிக்குள் இருக்கும் பயணிகளுக்கும் பல் கட்டிவிட்டீரா என்று நான் கேட்பதுண்டு. "வாயத் தொறக்கச் சொல்லுங்க சேர், கட்டிருவோம்" என்பார்.

அளவு விஷயத்தில் நான் பொல்லாதவன். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்து, அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் மின் அத்தியட்சகராக இருந்து, கண்டியிலேயே ஓய்வு பெற்றவன். பிறர் வேலையில் பிழை பிடித்தே சம்பளம் வாங்கியவன் என்று என் மனைவி சொல்வாள். தாசனை முதன்முதலில் சந்தித்த அன்றே, அவர் செய்த கைகாட்டி மரத்தின் கை இரண்டு மில்லிமீற்றர் நீளம் என்று சொன்னேன். வேறொருவராயிருந்தால் முகத்தைத் திருப்பியிருப்பார். அவர் அந்த இடத்திலேயே அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த கிழமை புதியது வந்தது. "பல்லுல தப்புப் பண்ணா ஒருத்தருக்குத்தான் வலிக்கும் சேர். இதுல பாக்கிறவங்க எல்லாருக்கும் வலிக்கும்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் நாங்கள் பேராதனைச் சந்தியைச் செய்தோம். கொழும்பு, கண்டி, பதுளைப் பாதைகள் அங்கே ஒரு முக்கோணமாகச் சந்திக்கின்றன. சின்ன ரயில்காரருக்கு முக்கோணம் ஒரு கண்டம். எங்கள் தண்டவாளம் இரண்டிலும் மின்சாரம் ஓடும். ஒன்று நேர், மற்றது எதிர். முக்கோணத்தைச் சுற்றித் திரும்பும் ரயில் நேரையும் எதிரையும் ஒன்றோடொன்று முட்டவிடும். அதனால் ஒரு பக்கத்தைத் தனித்துண்டாக வெட்டி, ரயில் முழுவதும் அதற்குள் வந்ததும் சுவிட்சைத் திருப்ப வேண்டும். அந்தத் துண்டு ரயிலைவிட நீளமாக இருக்கவேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

வயர் வேலை முழுவதும் என்னுடையது. நான் துண்டை வெட்டும்போது தாசனிடம் ஆறு பெட்டிகள்தான் இருந்தன. கண்காட்சி வருவதற்குள் எட்டாகிவிட்டன. இரண்டு வருட உழைப்பு, எட்டுப் பெட்டியிலும் விளக்கு. "எட்டும் உள்ளுக்க அடங்குமா சேர்? ஒருக்கா அளந்து பாத்துருவமா?" என்று கேட்டார். "தாசன், கரண்ட் என்ர தொழில். நீர் உம்மட பெட்டியைப் பாரும்" என்றேன். நான் அளக்கவில்லை. கண்காட்சிக்கு முதல் நாள் பியூஸ் திரும்பத் திரும்பப் போனது. ஏன் போகிறது என்று தேடாமல், அந்த இடத்தில் ஒரு தடித்த கம்பியைப் போட்டுவிட்டேன்; அதன் பிறகு ஒருக்கா ஓட்டிப் பார்க்கவுமில்லை. வேலையில் இருந்தபோது இதைச் செய்தவர்களை நான் பலர் முன்னிலையில் ஏசியிருக்கிறேன்.

கண்காட்சி கண்டியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. என்னோடு வேலை செய்த பழைய ஆட்களையெல்லாம் அழைத்திருந்தேன். அவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஓட்டியவர் தாசன். ரயில் முக்கோணத்துக்குள் நுழைந்தது. தலை வெளியே போகும்போது வால் இன்னும் உள்ளே வரவில்லை. பியூஸ் இருந்திருந்தால் அது போய், ரயில் நின்றிருக்கும். பியூஸ் இல்லை. பெட்டிகளை இணைத்த மெல்லிய வயர்கள் பழுக்கக் காய்ந்தன, புகை எழுந்தது, நடுப்பெட்டிகள் மூன்று எங்கள் கண் முன்னே உருகிச் சரிந்தன. யாரோ பிளக்கைப் பிடுங்கினார்கள். என் பழைய உதவியாளர் ஒருவர் குனிந்து பார்த்து, "யார் இதுக்குப் பியூஸுக்குப் பதிலாக் கம்பி போட்டது?" என்று கேட்டார்.

தாசன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நான்தாங்க. சேர் வேணாமுன்னுதான் சொன்னாரு. நான் கேக்கல்ல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது, "நாளைக்கு எல்லாரிட்டையும் நான் சொல்லுறன்" என்றேன். "விடுங்க சேர். நான் பல்லுக் கட்டுறவன். எனக்குக் கரண்ட் தெரியலன்னா யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க. நீங்க கரண்டுக்காரரு" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். 'புகை தாசன்' என்று பெயர் வைத்தோம். ஓட்டுவது நம் கூட்டத்து நவம், விளக்கம் சொல்வது தாசன் என்று கூட்டத்தில் முடிவு செய்தோம்; அந்த முடிவுக்கு நானும் கை உயர்த்தினேன். அடுத்து வந்த ஒவ்வொரு கண்காட்சியிலும் அவர் மேசையைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்று, பார்க்க வந்தவர்களுக்குத் தன் ரயிலைக் காட்டினார். உருகிய பெட்டிகளுக்குப் பதிலாகப் புதிதாகச் செய்த மூன்றையும் ஒரு தரம்கூட அவர் கண்காட்சியில் ஓட்டவில்லை. முக்கோணத்துச் சுவிட்ச் என் கையில் இருந்தது.

மரண வீட்டில் நம் ஜலீல், கவலையை மறக்கடிக்கத்தான், அந்தப் புகைக் கதையை எடுத்தார். "மனுசன் கரண்டுக்குப் பயப்படவே இல்லியே, கம்பியை அல்லவா போட்டுட்டாரு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த ஷாமினியும் சிரித்தாள். நான் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். அங்கேயும் சொல்லவில்லை.

ஒரு கிழமை கழித்து அம்பிட்டியவுக்குப் போய் ஷாமினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் முன்னறையில் இருந்த அந்தப் பிளாஸ்டர் மலையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க செஞ்ச கோச்சிய நீங்க ஏம்ப்பா ஓட்ட மாட்டீங்கன்னு கேட்டேன் அங்கிள். கை நடுங்குதுன்னு சொன்னாரு. பயந்துபோய் ரெண்டு டொக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் இல்லன்னு ரெண்டு பேரும் சொன்னாங்க. நாந்தான் நம்பல்ல."

அவளுடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன். மரியதாசனின் கை கடைசிவரை நடுங்கவில்லை. அந்தக் கம்பியைப் போட்டவன் நான். துண்டை அளக்காமல் விட்டவனும், பியூஸை எடுத்தவனும் நான். அவருடைய கருவிகளில் ஏதாவது ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னாள் ஷாமினி, வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து எனக்கு வரவேண்டியது ஒன்றுதான். ஆறு வருடம் அந்தப் பழியை அவர் வைத்திருந்தார். இனி அது என்னிடம் இருக்கட்டும்.