எரியாத எட்டு பல்புகள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ரேடியோ திருத்துவது தொழில். காத்தான்குடிக் கடைக்காரர் ஒருவர், சவூதியிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பழுதென்று எனக்குத் தந்தார். டிவியில் மாட்டிப் பாவிக்கிற சின்ன வகை. "கொண்டு போங்க தம்பி. இதுவும் உங்களப்போலதான், வாயே திறக்காது" என்றார்.

கழற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறதென்று கண்ணாலேயே பின்தொடர முடிந்தது. அதன் பெரிய ஐசியை, இரு பக்கமும் கம்பிக் கால்கள் நீட்டிய கறுப்புச் சில்லை, எடுத்து நானே ஒன்று செய்யத் தொடங்கினேன். ஒரு பலகையில் எட்டு சுவிட்சுகள், எட்டு சின்ன பல்புகள். சுவிட்சை மேலே தள்ளினால் ஒன்று, கீழே தள்ளினால் பூச்சியம். இரண்டு எண்களைக் கொடுத்தால் கூட்டி, பல்புகளில் விடை காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஐசியின் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. மனைவி வாசித்துச் சொல்வாள், நான் ஈயம் உருக்கி ஒட்டுவேன். மற்றவர்களோடு எனக்குப் பேச வராது. அந்தப் பலகைக்கு மேல் குனிந்திருக்கும்போது அவளோடு வந்தது.

எல்லாம் கட்டியும் பல்புகள் கண்டபடி மின்னின. அவள் திரும்ப வாசித்தாள்.

"இஞ்ச பாருங்க, இந்தக் கால சும்மா விடக்கூடாதாம். அஞ்சு வோல்ட்டோட கட்டணுமாம்."

"அது தேவையில்லாத கால்."

"தேவையில்லாட்டியும் கட்டட்டாம். சரிவந்தா இனி நான்தான் பாஸ்."

ஈயம் முடிந்திருந்தது. மறுநாள் காலை வாங்க டவுனுக்குப் போனேன். அப்போதுதான் சுனாமியாய்க் கடல் வந்தது. எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருந்தது. அவள் உடலை வாவிக்கரையில் எடுத்தோம்.

பலகை தாழம்பற்றைக்குள் கிடந்தது. சேறு போக எங்கள் கிணற்றில் கழுவினேன். கிணறெல்லாம் உப்பாகி, குடிக்கப் பவுசர் லொறியில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. தெரிந்தும், கழுவுவதென்றதும் கை பழக்கத்தில் கிணற்று வாளிக்குப் போய்விட்டது.

வாவிக்கு அக்கரையில், பழுகாமத்தில் அவளுடைய அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது, அவள் சொன்ன காலைக் கட்டி பட்டரி கொடுத்தேன். ஒன்றும் எரியவில்லை. ஐசியின் கால்களெல்லாம் பச்சை பூத்து அரித்திருந்தன. அந்த வகை ஐசி இனி வராது என்றார்கள் கடைகளில்.

பிறகு சண்டை அந்தப் பக்கம் வந்து ஓய்ந்தபோது, ஆமி வீடு வீடாகச் சோதித்தது.

"மச்சான், கம்பி, பட்டரி, பல்பு. இத என்னெண்டு அவனுகளுக்கு விளங்கப்படுத்தப் போறீங்க? என்னோடயே ரெண்டு வார்த்தைக்கு மேல கதைக்க மாட்டீங்க."

நான் பலகையை எடுத்து அவளுடைய அண்ணனிடம் கொடுத்தேன். அவர் தோணியில் கொண்டுபோய் வாவியில் போட்டுவிட்டு வந்தார்.

உப்பு படாதிருந்தால், அந்தக் காலைக் கட்டியதும் அது கூட்டியிருக்குமா? அவள் வாசித்தது சரியென்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். சரிபார்க்க ஒன்றும் மிச்சமில்லை.