பத்துக்கு நாலு

அப்பா நகரப் பேருந்து ஓட்டியவர். வண்டி கிளம்பிய பிறகும் யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். தாமதத்துக்கு டிப்போவில் திட்டு விழும். மனிதர் மாறவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு ‘பிரேக்கு’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் அம்மாவுக்கு மறதி நோய் வந்தது. சாயங்காலமானால் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்பாள். இதுதானே உன் வீடு என்று அப்பா வாதாடுவார். கல்யாணப் படத்தைக் காட்டுவார். எடுபடாவிட்டால் மின்கட்டண ரசீதைக் காட்டுவார். அம்மா அழுவாள். அவர் கதவைப் பூட்டுவார். ஒருநாள் அவள் ஜன்னல் கண்ணாடியைக் கையால் உடைத்தாள்.

காப்பகத்தில் சேர்த்துவிடலாம் என்று வெளியூரிலிருந்த மூத்த மகன் கறாராகச் சொன்னான். அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மகள்தான் இடையில் புகுந்தாள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மருத்துவமனையில் பயிற்சி நடக்கிறது, அப்பா போய்வரட்டும், பிறகு பேசலாம் என்றாள். அண்ணன் ஒரு நிபந்தனை போட்டான். பயிற்சிக்கு முன்பும் பின்பும் மதிப்பெண் எடுக்கிறார்களாம். ஏறினால் அம்மா வீட்டில் இருக்கட்டும். ஏறாவிட்டால் காப்பகம்.

மகள் யோசிக்காமல் ஒப்புக்கொண்டாள். எடைக் கருவிகளைச் சோதித்துச் சான்று தருவது அவள் வேலை. எண் பொய் சொல்லாது என்று நம்புகிறவள்.

முதல் நாள் நர்ஸ் கேட்ட கேள்வி இதுதான்: உங்கள் மனைவியைக் கவனித்துக்கொள்ள உங்களுக்கு எவ்வளவு தெரியும், பத்துக்கு எத்தனை போடுவீர்கள்? அப்பா பத்து போட்டார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியாதா என்று நர்ஸையே கேட்டிருக்கிறார். பிறகு ஒரு வகுப்பையும் விடவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து அவர் கேட்ட கேள்விகளில் மற்றவர்களுக்கு டீ ஆறிப்போனது. கடைசி நாள் அதே கேள்வி வந்தது. நாலு போட்டுவிட்டு வந்தார்.

“பத்துலேர்ந்து நாலு. இதுக்கு மேல என்ன பேச இருக்கு?” என்றான் அண்ணன் போனில்.

மகள் போனை வைத்தாள். மறுநாள் வேலையில் ஒரு தராசு, முன்பு சரியாகக் காட்டிய படிக்கல்லைக் குறைத்துக் காட்டியது. கல் தேய்ந்துவிட்டது என்று யாரும் எழுதமாட்டார்கள். முதலில் தராசின் பூஜ்யம் நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கையில் கல்லோடு அப்படியே நின்றாள்.

அரைநாள் விடுப்பு எடுத்து அப்பாவை நர்ஸிடம் அழைத்துப் போனாள். நர்ஸுக்கு இது புதிதில்லை. கற்றுக்கொண்டவர்கள்தான் குறைத்துப் போடுகிறார்கள், எங்களுக்கும் இது தலைவலி என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, இப்போது தெரிந்ததை வைத்து, முதல் நாள் வந்த ஆளுக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று கேட்டாள்.

“அந்த ஆளுக்கா? முட்டை. அவனுக்கு லைசென்ஸே குடுத்திருக்கக் கூடாது சிஸ்டர்.”

முட்டையிலிருந்து நாலு. அண்ணன் இதை ஏற்கவில்லை. மார்க்கைத் திருத்தி வாங்கிவிட்டாயா என்று தங்கையைக் குத்தினான். அப்படியானால் நீயே வந்து அளந்துகொள் என்றாள் அவள்.

வந்தான். சாயங்காலம் அம்மா கைப்பையோடு வாசலுக்கு வந்தாள். அப்பா ரசீது எதையும் தேடவில்லை. செருப்பை மாட்டினார்.

“நானும் அந்தப் பக்கந்தான் போறேன். வாங்க, சேர்ந்தே போலாம்.”

இருவரும் நடந்தார்கள். பிள்ளைகள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனார்கள். மருந்துக்கடை, சலவைக்கடை, பள்ளிக்கூடச் சுவர், மறுபடி இடதுபக்கம். வழியெல்லாம் அம்மா தன் வீட்டைப் பற்றிச் சொன்னாள். அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். தெருவைச் சுற்றி, கிளம்பிய அதே வீட்டு கேட்டின் முன்னால் வந்து நின்றார்கள்.

“இதுதான் எங்க வீடு,” என்றாள் அம்மா நிம்மதியாக. “நல்லா ஓட்டுனீங்க டிரைவர்.”

கைப்பையை வாங்கிக்கொண்டு அண்ணன்தான் முதலில் உள்ளே போனான். ஊருக்குக் கிளம்பும்போது, நாலு ரொம்பக் கம்மிப்பா என்றான்.

“நாலு சரிதான்டா. நேத்து குளிக்க வைக்கும்போது கத்திட்டேன்.”

காப்பகப் பேச்சு அதன்பிறகு எழவில்லை. அம்மா வீட்டிலேயே இருந்தாள். போய்ச் சேர்ந்தது அப்பாதான், ஒரு காலையில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல்.

இப்போது மகள் செருப்பை மாட்டுகிறாள். மருந்துக்கடை, சலவைக்கடை, பள்ளிக்கூடச் சுவர். கேட்டுக்கு வந்ததும் அம்மா உடனே உள்ளே போவதில்லை. தெருவைத் திரும்பிப் பார்க்கிறாள்.

“கொஞ்சம் நிறுத்தும்மா. ஒருத்தர் வரணும்.”

மகள் கேட்டைத் திறந்து பிடித்தபடி நிற்கிறாள். அவசரம் ஒன்றும் இல்லை.