டோரின் கேட்ட நஷ்ட ஈடு

மலேசியாவில், ரந்தாவ் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அடுக்குமாடியில் டோரின் என்று கேட்டால், "ஓ, ஒரு ஓட்டை சைக்கிளுக்காகக் கமிட்டியோட மல்லுக்கு நின்ன அம்மாவா?" என்றுதான் இப்போது சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எதற்காக மல்லுக்கு நின்றாள் என்று ஒருத்தராவது ஒழுங்காகச் சொல்கிறார்களா என்றால், அதுதான் கிடையாது. ஆகவே முதலிலிருந்தே சொல்லியாக வேண்டியிருக்கிறது.

டோரின் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வாக்கப்பட்டவள். கணவன் டொனால்ட் செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகன் ரியான் ஜோகூரில் இருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். தோட்டத்தை வீட்டு மனைக்கு விற்றபோது லயத்து வீடுகளை இடித்தார்கள். குடியிருந்தவர்கள் லோபாக்கில் கொஞ்சம், சுவாவில் கொஞ்சம், பிள்ளைகள் வீட்டில் கொஞ்சம் என்று சிதறிப் போனார்கள். டோரினுக்கு இந்த அடுக்குமாடியில் பி பிளாக், இரண்டாம் மாடி வாய்த்தது. வாய்த்தது என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான்.

அறுபதை நெருங்கியும் அவள் வேலையை விடவில்லை. அடுத்த தோட்டத்து நாற்றங்காலில் செம்பனைக் கன்றுகளுக்குப் பையில் மண் நிரப்பும் வேலை. இடுப்பு விட்டுப்போகிற வேலைதான். ஆனால் அங்கே மங்கம்மா இருந்தாள், இரண்டு மூன்று இந்தோனேசியப் பெண்கள் இருந்தார்கள். மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே ஒருத்தியை ஒருத்தி வம்புக்கு இழுப்பார்கள், மத்தியானம் சோற்றைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். டோரின் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்செல்லாம் அங்கேதான். வீட்டுக்கு வந்தால் டிவி பேசும், இவள் கேட்பாள். நாற்றங்காலுக்கு பஸ் கிடையாது. மோட்டார் ஓட்ட அவளுக்குத் தெரியாது. சைக்கிள் ஒன்றுதான் வழி. சைக்கிள் இல்லையென்றால் மனுஷ முகம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தச் சைக்கிளை அவள் பி பிளாக் கீழ்த்தளத்தில், கம்பி வலை அடித்த பொதுக் கொட்டகையில் நிறுத்துவாள். பிளாக்கில் இருக்கிற எல்லாருடைய சைக்கிளும் அங்கேதான் நிற்கும். நோட்டிஸ் ஒட்டுகிற பலகையும் அதன் பக்கத்திலேயே. மற்றவர்கள் சங்கிலி போட்டுப் பூட்டி, பெயரும் வீட்டு எண்ணும் எழுதி ஒட்டியிருந்தார்கள். டோரின் அதெல்லாம் செய்யவில்லை. "ஏன், நாந்தான் தினம் ஓட்டிட்டுப் போறேன், வரேன். என் சைக்கிள்னு யாருக்குத் தெரியாது?" என்பாள்.

இதில்தான் அவள் ஏமாந்தாள். தோட்டத்தில் யாருடைய சைக்கிளிலும் பெயர் இருக்காது. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆட்கள் வந்து நிற்க, வேலை வாங்குகிற மண்டோர் பெயர் கூப்பிடுவார். ஒருத்தர் வராமல், அவருடைய சைக்கிள் மட்டும் லயத்துக் கொட்டகையில் அசையாமல் நின்றால், உடனே யாராவது ஒருத்தர் அந்த வீட்டு வாசலில் போய்க் கத்துவார். "ஏய், உயிரோட இருக்கியா?" என்பதுதான் விசாரிப்பு. அது பாசமா, ஆள் குறைந்தால் வேலை கெடும் என்ற கணக்கா என்று கேட்டால், இரண்டும்தான். எப்படியோ, தோட்டத்தில் காய்ச்சலில் விழுந்தவர்கள் ஆள் அனுப்பித் தகவல் சொன்னதில்லை. நிற்கிற சைக்கிளே சொல்லிவிடும்.

டோரினுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் நாற்றங்கால் மண்டோருக்கு மட்டும் போன் போட்டு லீவு சொன்னாள். பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. மகனுக்கும் சொல்லவில்லை, அவன் பாலம் தாண்டி வேலைக்கு ஓடுகிறவன், எதற்குத் தொந்தரவு என்று. கொட்டகையின் வாசலிலேயே, போகிறவர் வருகிறவர் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி சைக்கிளை விட்டிருந்தாள். தினமும் விடிகிறதற்குள் போய்விடுகிற சைக்கிள் பகலெல்லாம் நிற்கிறதே என்று யாராவது வந்து தட்டாமலா போய்விடுவார்கள்?

யாரும் தட்டவில்லை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் சுவர் சாய்ந்தது. "மாதாவே, ஒரு வாய் கஞ்சி குடுக்க ஆளில்லாமப் போச்சே" என்று வாய்விட்டு அழுதாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் காலை படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே இறங்கி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டாள். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் விற்கிற மலாய்க்கார அம்மாள் இவள் முகத்தைப் பார்த்ததும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தன் மகனின் காரில் ஏற்றி சிரம்பான் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். டெங்கி என்றார்கள். இன்னும் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் திட்டினார்.

தேறி வீட்டுக்கு வந்தபோது கொட்டகை துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருந்தது. சைக்கிளைக் காணோம். தேடிப் போனால், குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் பழைய மெத்தைகளோடு கிடந்தது. சட்டம் நடுவில் மடங்கியிருந்தது, பின் சக்கரம் நசுங்கியிருந்தது. ரந்தாவ் சைக்கிள் கடைக்காரர், அவள் போனில் எடுத்துக்கொண்டுபோன போட்டோவைப் பார்த்துவிட்டு, இதை நிமிர்த்த முடியாது, எடைக்குத்தான் போடலாம் என்று சொல்லிவிட்டார்.

குடியிருப்புக் கமிட்டியின் தலைவர் சுகுமாறன். கெட்ட மனிதர் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு விதி வைத்திருப்பார், அவ்வளவுதான். டோரின் அவரைக் கமிட்டி அறையில் போய்ப் பிடித்தாள்.

"அக்கா, நோட்டிஸ் ஒட்டினோம்லா. பேரு ஒட்டாத சைக்கிளையெல்லாம் கோத்தோங் ரோயோங் அன்னைக்குத் தூக்கிருவோம்னு மூணு மொழில போட்டிருந்துச்சு. எல்லாரும் சேந்துதான் கூட்டித் துப்புரவு பண்ணினோம். குப்பை லோரி ரிவர்ஸ் எடுக்கறப்ப அது மேல ஏறிருச்சு. வேணும்னேவா பண்ணினோம்?"

"நான் ஆஸ்பத்திரில கெடந்தேன் தம்பி."

"அது எங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். எப்படித் தெரியாமப் போச்சு?"

சுகுமாறன் தலையைச் சொறிந்தார். பிறகு, "சரிக்கா, சண்டை வேணாம். அது உங்க சைக்கிள்தான்னு பி பிளாக்ல யாராச்சும் ஒரே ஒருத்தர் மீட்டிங்ல வந்து சொல்லட்டும். கமிட்டி புதுசு வாங்கக் காசு குடுக்கும். ஆள் சொல்லாமக் குடுத்தா, நாளைக்கு ஆளாளுக்கு வந்து என்னுது போச்சு, உன்னுது போச்சுன்னு நிப்பாங்க" என்றார்.

டோரினுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா? ஆறேழு வருஷமாகக் குடியிருக்கிற இடத்தில் ஒரே ஒரு ஆள் கிடைக்கமாட்டாரா? அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டாள்.

கீழ் வீட்டுச் சீனக் கிழவர் மரியாதையாகக் கதவைத் திறந்து, "தக் தாவுலா, அக்கா" என்று, தெரியாதென்று கை விரித்தார். மூன்றாம் மாடியில் ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண், "ஆண்ட்டி, நீங்க இந்த பிளாக்கா? நாங்க சும்மா யார் வீட்டுக்கோ வந்துட்டுப் போறீங்கன்னு நெனச்சோம்" என்றாள். நல்ல பெண்தான், மனசில் பட்டதைச் சொன்னாள். ஆனால் டோரினுக்கு அது சுருக்கென்று தைத்தது. இன்னொரு வீட்டில் கம்பிக் கதவைக்கூடத் திறக்காமல், எத்தனையோ சைக்கிள் நிற்கிறது, எது யாருடையது என்று யார் கண்டார்கள் என்றார்கள்.

கடைசியாக எதிர் வீட்டுத் திலகா. சிரம்பான் பக்கத்து ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவள். வாசலுக்கு வாசல் நாலு எட்டுகூட இருக்காது. இவளை விட்டால் வேறு யார் சொல்வார்கள் என்று தைரியமாகப் போய் நின்றாள். திலகா காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டே, நிமிராமல், "நான் கவனிச்சதில்லக்கா" என்றாள்.

"தினம் காலைல நீ ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்பதானேம்மா நான் அதைத் தள்ளிட்டுப் போவேன்?"

"தூக்கக் கலக்கத்துல வருவேன்க்கா. எனக்குத் தெரியல."

அன்றைக்கு டோரின் டிவியைப் போடவில்லை. யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ரியான் போன் பண்ணினான். டெங்கி வந்ததை மறைத்துவிட்டாளே என்று ஏற்கெனவே ஒரு பாட்டம் கத்தியிருந்தான். இப்போது, "சைக்கிள்தானேம்மா? நான் புதுசா வாங்கி அனுப்புறேன். விட்டுத் தொலைங்களேன்" என்றான்.

"நீ வாங்கித் தந்தா அது நீ வாங்கித் தந்த சைக்கிள்டா. தூக்கிப் போட்டது அவங்க. அவங்கதான் தரணும்."

"அப்படி என்னம்மா பிடிவாதம்?"

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காசு வேண்டும் என்பது உண்மைதான். நாற்றங்காலுக்குப் போகாமல் நாலு சுவருக்குள் அடைந்து கிடப்பது தாங்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதற்கெல்லாம் மேலே, இந்தக் கட்டடத்தில் ஒரு மனுஷி, ஒரு மனுஷன், "ஆமாம், அது டோரின் சைக்கிள்" என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லையென்றால் இத்தனை வருஷம் தான் இங்கே இருந்ததற்கு என்ன அத்தாட்சி? இதைப் போனில் மகனிடம் எப்படிச் சொல்வது? "சாப்பிட்டியாடா?" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

மீட்டிங் கீழ்த்தள மண்டபத்தில் நடந்தது. தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் ரிப்பேர், பூனைத் தொல்லை எல்லாம் பேசி முடித்து, எல்லாரும் மணியைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் டோரினின் முறை வந்தது. தேவாலயத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எழுந்து நின்று, தோட்டத்துத் தமிழும் கடைத்தெரு மலாயும் கலந்து, நடந்ததைச் சொன்னாள். பின்வரிசையில் யாரோ, "பழைய இரும்புக்கா இவ்ளோ அலப்பறை?" என்று சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள்.

சுகுமாறன், "அது இந்த அக்காவோட சைக்கிள்தான்னு சொல்ல யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். மலாயிலும் ஒருமுறை கேட்டார். மின்விசிறி சத்தம்தான் கேட்டது. டோரின் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். இப்படி அசிங்கப்படுவதற்குப் பேசாமல் மகன் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

"அது டோரின் அக்காவோடதுதான்."

திலகா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். டோரினுக்கு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நல்லாத் தெரியுமா திலகா?" என்றார் சுகுமாறன்.

"தெரியும். தினம் பாப்பேன். கோத்தோங் ரோயோங் அன்னைக்கு, இது யாருதுன்னு கேட்டாங்க. அந்த அக்கா வீடு பூட்டிக் கெடக்கு, காலி பண்ணிட்டுப் போயிருப்பாங்க, தூக்குங்கன்னு நாந்தான் சொன்னேன்." திலகா டோரினின் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிருங்கக்கா. அன்னைக்கு வந்து கேட்டீங்கள்ல, வாய் வரல. ஒரு வாரம் முன்னாலயே சைக்கிள் நகராம நின்னதப் பாத்தேன். உங்க வீட்டுல லைட்டும் போடல. என்னமோ ஏதோன்னு வாசல் வரைக்கும் வந்தேன். தட்டறதுக்குக் கையக்கூடத் தூக்கிட்டேன்க்கா. உள்ள ஏதாச்சும் ஆகியிருந்தா போலீசு, விசாரணைன்னு நம்ம தலைல விழும்னு பயந்து திரும்பிட்டேன்."

மண்டபத்தில் இப்போது ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"நான் உள்ளதாம்மா இருந்தேன்" என்றாள் டோரின். குரல் உயரவில்லை. "செருப்புச் சத்தம் வாசல்ல வந்து நின்னது கேட்டுச்சு. யாருன்னு கேக்க நாக்கு எழும்பல. அப்புறம் சத்தம் போயிருச்சு. காய்ச்சல்ல காது ஏமாத்துதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

திலகா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவளைத்தான் தட்டிக்கொடுத்தார்கள். டோரின் நின்ற இடத்திலேயே நின்றாள்.

சாட்சி வந்துவிட்டது, கமிட்டிக்கு ஆட்சேபணை இல்லை என்றார் சுகுமாறன். எல்லாருக்கும் அந்தப் பேச்சை முடித்தால் போதும் என்று இருந்தது, ஏகமனதாகக் கை தூக்கினார்கள். கணக்காளரை அங்கேயே கூப்பிட்டு, புது சைக்கிள் விலைக்கு மேலேயே கொஞ்சம் போட்டு, கவரில் வைத்து, சுகுமாறனே மேசையைச் சுற்றி வந்து டோரினின் கையில் கொடுத்தார்.

"போதுமாக்கா? மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

டோரின் கவரைப் பிரித்துப் பார்க்காமல் கைப்பையில் வைத்தாள்.

"சைக்கிளுக்குப் போதும் தம்பி" என்றாள்.